முப்பத்தோராம் படம்

கிறிஸ்துமஸ் நட்சத்திரத்துக்குள் பல்பை மாட்டி சுவிட்சைப் போட்டதும், ஒரு வருடத் தூசி சூடேறிக் கருகுகிற வாசனை வந்தது. "எல்.ஈ.டி. போடும்மா, சூடே ஆகாது" என்று மகன் போன வருடமே சொன்னான். பழைய குண்டு பல்பைத்தான் போடுவேன் என்று அடம்பிடித்தவள் நான். வாசனை மூக்கில் ஏறியதும் நட்சத்திரத்தைப் பாதியில் விட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

ஸ்லைடு புரொஜெக்டரில் இதே வாசனைதான் வரும். ஸ்லைடு என்றால் இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தெரியாது. தீப்பெட்டி அளவில் ஒரு அட்டைச் சட்டம், நடுவில் துளியூண்டு பிலிம். பின்னாலிருந்து விளக்கு அடித்தால் சுவர் முழுக்கப் படம்.

அப்பா ராஜபாளையத்தில் ஒரு மில்லில் ஃபிட்டர். எண்பதுகளின் நடுவில், ஜாம்பியா நாட்டில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரிக்கு ஜெனரேட்டரும் தண்ணீர் மோட்டாரும் பார்க்க ஆள் வேண்டுமென்று சபையில் அறிவித்தார்கள். எல்லோரும் கண்ணை மூடி ஜெபித்துக்கொண்டிருக்கையில், தான் போவதாக அப்பா எழுந்து நின்றுவிட்டார். பெண்கள் பக்கத்திலிருந்த அம்மா கண்ணைத் திறந்தபோது காரியம் முடிந்திருந்தது. "எட்டுற தூரத்துல இருந்திருந்தா வேட்டியப் புடிச்சு இழுத்திருப்பேன்" என்று பிற்பாடு சொல்லுவாள். அப்போது சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

அங்கே நாலு வருடம் இருந்தோம். எனக்கு ஒன்பது வயதில் போய்ப் பதின்மூன்றில் திரும்பினேன். கருவேப்பிலை இல்லாத ரசத்தை அம்மா முகத்தைச் சுளித்துக்கொண்டே குடிப்பாள். தம்பி அருள் அங்கேதான் பிறந்தான். இரண்டு வயதில் மலேரியாக் காய்ச்சலில் ஐந்தே நாளில் போய்விட்டான். ஆஸ்பத்திரிக்குப் பின்னால் புதைத்தார்கள். எங்களிடம் கேமரா கிடையாது. ஊருக்குக் கிளம்பும்போது அந்த ஆஸ்பத்திரி டாக்டர், கூட்டங்களில் காட்டுவதற்கென்று தான் எடுத்த நாற்பது ஸ்லைடுகளையும் ஒரு புரொஜெக்டரையும் அப்பாவிடம் கொடுத்தனுப்பினார். முப்பத்தோராவதில் அருள் இருந்தான். அலுமினியத் தொட்டிக்குள் உட்கார்ந்து, அப்பாவின் ஸ்பானரை இரண்டு கையாலும் பிடித்துக் கடித்துக்கொண்டிருப்பான். அவனுக்கு இருந்த ஒரே படம் அது.

திரும்பி வந்த மிஷனெரி ஊர் ஊராகப் போய்ச் சாட்சி சொல்ல வேண்டும் என்பது வழக்கம். நாங்களும் போனோம். ஸ்ரீவில்லிபுத்தூர், ஆலங்குளம் சிமெண்ட் ஆலைக் குடியிருப்பு, கான்சாபுரம். இருட்டியதும், திரையாகக் கட்டியிருக்கும் வேட்டியில் படம் ஓடும். எனக்குப் பூப்போட்ட ஆப்பிரிக்கத் துணியைச் சுற்றிவிட்டு அந்த நாட்டுப் பாஷையில் பாடச் சொல்வார்கள். இரண்டாவது சரணம் எனக்கு மறந்துபோய் முதல் சரணத்தையே மூன்று தடவை பாடுவேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் கண்டுபிடிக்க ஆளில்லை. "சிங்கம் வீட்டுக்குள்ள வருமாட்டி?" என்று கேட்டவர்களிடம் வரும் என்றே சொல்லியிருக்கிறேன்.

பாட்டு முடிந்ததும் நான் போய் புரொஜெக்டர் பக்கத்தில் உட்கார வேண்டும். முன்னால் பேசும் அப்பா கையிலிருக்கும் கம்பைத் தரையில் ஒரு தட்டுத் தட்டினால் அடுத்த படம். முப்பத்தொன்று வந்தால் அப்பா திரையைப் பார்க்க மாட்டார். ஜனங்களைப் பார்த்தபடி, "கர்த்தருக்குக் கொடுத்தோம்" என்பார். கூட்டம் தேம்பும். வாலிபர்கள் எழுந்து நின்று ஊழியத்துக்குத் தங்களை ஒப்புக்கொடுப்பார்கள். அம்மா எல்லாக் கூட்டத்துக்கும் வருவாள். காய்ச்சலோடும் வருவாள். அவள் சாட்சி கேட்க வரவில்லை என்பது எனக்கு மட்டும் தெரியும். பிள்ளையைப் பார்க்க வருவாள்.

ராஜபாளையத்து ஸ்டுடியோக்காரர், இந்த ஸ்லைடை மெட்ராசுக்கு அனுப்பினால் ஒரு மாதத்தில் பிரிண்ட் போட்டு வரும் என்றார். அம்மா அன்றைக்கே கேட்டாள்.

"கூட்டமெல்லாம் முடியட்டும். அந்தப் படம் இல்லாம நான் என்னத்தப் பேச?" என்றார் அப்பா.

"ஒரு மாசந்தானங்க."

"ஒரு மாசத்துல எத்தன ஆத்துமா தெரியுமா?"

அம்மா அதற்குப் பிறகு கேட்கவில்லை. எனக்கு இன்றுவரை அந்தப் பதில் ஆறவில்லை. அப்பா நல்ல மனிதர். அதனால்தான் ஆறவில்லை.

அன்றைக்கு வ. புதுப்பட்டியில் கூட்டம். லோ வோல்டேஜ். பல்பு மஞ்சளாக அழுது வடிந்தது. புரொஜெக்டருக்குள் சூட்டை வெளியே தள்ள ஒரு சின்ன ஃபேன் உண்டு. பத்து நாளாகக் கரகரத்துக்கொண்டிருந்த அது அன்றைக்குச் சுற்றவே இல்லை. ஊர் மோட்டாரையெல்லாம் சரிசெய்கிற அப்பா, நம்முடையதுதானே, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தார்.

முப்பத்தொன்று வந்தது. மங்கலாக இருந்தது. அப்பா பேசி முடித்துக் கம்பைத் தட்டினார். நான் மாற்றக் கையை வைத்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"மாத்தாத. செத்த நேரம் இருக்கட்டும். முகமே தெரியல."

அப்பா மறுபடி தட்டினார். நான் மாற்றவில்லை. அப்போது திடீரென்று கரண்ட் முழுசாக வந்தது. பல்பு பளீரென்று எரிந்தது. வேட்டியில் அருள் அத்தனை தெளிவாகத் தெரிந்தான், பல்லில் பட்டிருந்த எச்சில்கூட மின்னியது. "எய்யா..." என்றாள் அம்மா. நானும் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பிறகு அவன் நெற்றியில் பழுப்பாக ஒரு புள்ளி. அது பெருத்துக் கொப்பளித்து, கண், மூக்கு என்று இறங்கியது. திரைக்கு முதுகைக் காட்டி நின்ற அப்பா, சமாளிக்கப் பேச்சை நீட்டி, "அவன் ஆண்டவர் மடியில பத்திரமா இருக்கான்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். கூட்டத்தில் ஒருவர் "ஆமென்" என்றார்.

நான் சுவிட்சைத் தேடுவதற்குள் அம்மா வெறுங்கையால், கருகுகிற ஸ்லைடைப் பிடுங்கிவிட்டாள். இரண்டு விரலிலும் தோல் வழன்றுபோயிற்று. கூட்டம் கலைந்து, அப்பா வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் போய் அந்த அட்டையை நீட்டினாள்.

"இப்ப மெட்ராசுக்கு அனுப்பலாம்லா? இனி எந்தக் கூட்டத்துக்கும் இது வேண்டியதில்லயே."

அப்பா வயரோடு தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். அதற்குப் பிறகு அவர் எந்த மேடையிலும் ஏறவில்லை.

டாக்டரிடம் நகல் இருக்குமா என்று கடிதம் எழுதினோம். அவர் தன் நாட்டுக்குப் போய்விட்டார், முகவரி தெரியாது என்று ஆஸ்பத்திரியிலிருந்து பதில் வந்தது. மில்லில் அப்பாவை மறுபடி சேர்த்துக்கொண்டார்கள், ஹெல்பராக. தொண்ணூறுகளில் அந்த மில்லும் மூடியது. சுவிட்சை நேரத்தில் அணைக்காததற்கு அம்மா என்னை ஒரு நாளும் ஒரு சொல் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் நானும் திருப்பி ஏதாவது சொல்லியிருப்பேன்.

அப்பா போய் வெகுகாலமாகிறது. அம்மா போன ஆடியில் போனாள். கடைசி நாட்களில், "அருளுக்குக் கன்னத்துல குழி விழுமே, எந்தப் பக்கம்?" என்று அவளிடம் கேட்டேன். யோசிக்காமல் இடது கன்னத்தைத் தொட்டுக் காட்டினாள். நான் வலது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எத்தனை கூட்டத்தில் பார்த்திருக்கிறேன், இப்போது அந்தப் பழுப்புப் புள்ளிதான் ஞாபகம் வருகிறது, அதற்கு முந்தின முகம் வரமாட்டேன் என்கிறது. அவனுக்கு முகம் இருந்தது அம்மா ஒருத்தியிடம்தான்.