உடைக்கப்பட்ட எஞ்சினின் பெயர்

சென்ற சனிக்கிழமை எங்கள் வீட்டில் ஒரு போட்டி நடந்தது. நோர்வேயின் ஸ்டோவ்னரில் எங்கள் அடுக்குமாடி வீட்டின் வரவேற்பறையில் ஐந்து பெரியவர்கள், ஒரு கைக்குழந்தை. வெளியே பனி. போட்டியின் பொருளைச் சொன்னால் நீங்கள் சிரிக்கக்கூடும் — பிரிட்டனின் பழைய நீராவி எஞ்சின்களின் பெயர்களில் உங்களுக்கு மிகவும் பிடித்தது எது?

சிரியுங்கள். நாங்களும் சிரிப்பதற்காகத்தான் அதை விளையாடி வந்தோம்.

அக்காலப் பிரிட்டிஷ் ரயில் கம்பனிகள் தம் எஞ்சின்கள் பலவற்றுக்குக் கப்பல்களைப் போலப் பெயர் சூட்டின. கோட்டைகள், மன்னர்கள், பறவைகள், பந்தயக் குதிரைகள்... நீராவி எஞ்சின்களில் வேகத்தால் உலகை வென்றதன் பெயர் ‘மல்லார்ட்’. அது ஒரு வாத்து. பந்தயத்தில் வென்ற குதிரையொன்றின் பெயர் ‘சான்ட்விச்’ என்பதால், அதே பெயரைத் தாங்கிய எஞ்சின் ஒன்றும் மிகுந்த கம்பீரத்துடன் ஓடியது.

நான் ரயில் சமிக்ஞைப் பொறியியலாளனாக இருந்து ஓய்வு பெற்றவன். என் மகன் சிறுவனாக இருந்தபோது கொதிகலன் வேலை செய்யும் விதத்தை அவனுக்கு விளக்க முயன்றேன். அவனுக்கு அதில் அக்கறையில்லை. பெயர்களை மட்டும் கேட்டான். விளையாட்டை உருவாக்கியவன் அவன், விதியும் அவனுடையதே. வலு, வேகம், வரலாறு எதுவும் பேசக்கூடாது. எழுந்து நின்று, ஸ்டேஷன் அறிவிப்பைப் போலப் பெயரை மட்டும் உரக்கச் சொல்ல வேண்டும். காதுக்கு எது பிடிக்கிறதோ அதற்கே வெற்றி.

ஆண்டுதோறும் முதல் பனி விழுந்த பின் வரும் சனிக்கிழமை இது நடக்கும். வளர்ந்து, வேலைக்குப் போன பிறகும் அவன் தவறாமல் வந்து, கழுத்துப்பட்டியைச் சரிசெய்துகொண்டு, ‘சான்ட்விச்’ என்று அறிவித்துவிட்டு உட்காருவான்.

இப்போது அவன் இல்லை. போன மாரிக்கு முந்திய மாரியில் நோயால் இறந்தான். இதற்கு மேல் அதைப் பற்றி எழுத மாட்டேன்.

அன்றிலிருந்து அவன் பெயரை நான் உச்சரித்ததில்லை. மனைவி உச்சரிப்பாள் — படத்தின் முன்னால், தொலைபேசியில், சமைக்கும்போது. நான் ‘அவன்’ என்பேன், ‘தம்பி’ என்பேன். துக்கம் பலருக்குக் கண்ணீராக வருகிறது. எனக்கோ, ஒரு சொல்லை நெருங்காமல் அதைச் சுற்றி நடந்துபோகும் பழக்கமாக வந்தது.

அப்படியிருக்க, மகள் வாணிக்கு ஆண் குழந்தை பிறந்தது. வைத்தியசாலையிலிருந்து பேசினாள்.

“அப்பா, பிள்ளைக்கு அண்ணான்ரை பேரை வைக்கட்டே?”

“வேண்டாம், பிள்ளை. அது அவன்ரை பேர். வேறை பேர் பாருங்கோ.”

அவள் வாதாடவில்லை. வேறு பெயர் பார்த்தார்கள். ‘ஆதி’ என்று முடிவாயிற்று. நோர்வேக்காரர் வாயில் உடையாத பெயர் என்றார் மருமகன். எல்லோரும் சம்மதித்தோம். வாணி சற்று விரைவாகவே சம்மதித்தாள் — அது எனக்குத் தெரியாமலில்லை.

எங்கள் வழக்கப்படி முப்பத்தோராம் நாள் துடக்கு, அதாவது பிறப்புத் தீட்டு, கழியும். அன்று குடும்பத்தில் மூத்தவர் குழந்தையின் காதில் பெயரை மூன்று முறை சொல்ல வேண்டும். மூத்தவன் நான். அந்த நாள் கடந்த ஞாயிறு. அதற்கு முதல்நாள்தான் இந்தப் போட்டி.

எனக்கு விருப்பமில்லை. விடாப்பிடியாக நின்றவர் என் நண்பர் சவிரி. மன்னார்க்காரர், திராமன் நகரில் பல் வைத்தியர்.

“போன வருசமும் விட்டாச்சு. இந்த வருசமும் விட்டா விளையாட்டுச் செத்துப்போம், அண்ணை” என்றவர், சொன்ன சொல்லைக் கேட்டுத் தானே திடுக்கிட்டு, “சரி, நான் பின்னேரம் வாறன்” என்று தொலைபேசியை வைத்துவிட்டார்.

மனைவி நடுவராக அமர்ந்தாள்; வாணி குழந்தையோடு வந்திருந்தாள். மேல்மாடியில் வசிக்கும் ஆர்னே, ஓய்வுபெற்ற ஆசிரியர், முதலில் எழுந்து மார்பில் கைவைத்து, ‘நோர்வீஜியன் மோனார்க்’ என்றார். ஒவ்வோர் ஆண்டும் அவர் சொல்வது அதுதான். அப்படியொரு எஞ்சின் உண்மையிலேயே ஓடியது.

“இந்த நாட்டு ராசாவைச் சொன்னா இஞ்சை ஆர் எதிர்த்துக் கதைக்கிறது? சரியான கள்ளன்” என்று சவிரி தமிழில் முணுமுணுத்தார்.

“‘சிலோன்’ எண்டும் ஒரு எஞ்சின் இருந்தது. நீர் அதைச் சொல்லுமன்” என்றேன்.

“ஐயோ, வேண்டாம் அண்ணை! அதை விட்டிட்டுத்தானே ஓடி வந்தனான். இனிக் கோச்சி எஞ்சினாய் வந்து இஞ்சையும் துரத்தப்போகுதே?”

மனைவி சிரித்தாள். அந்தச் சத்தத்தைக் கேட்டு வெகுகாலமாகியிருந்தது.

பிறகு சவிரி நிமிர்ந்து நின்று, ஒவ்வோர் எழுத்தாக, ‘ஈவினிங் ஸ்டார்’ என்றார். அழகான பெயர். அதோடு நான் நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால், படித்தவனுக்கு வாய் சும்மா இருக்குமா?

“எந்த ஈவினிங் ஸ்டார்?”

“ஒண்டுதானே அண்ணை?”

“இல்லை. மூண்டு.”

“வரலாறு கதைக்கக் கூடாது” என்றாள் நடுவர். நான் கேட்கவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில், அகலப்பாதைக் காலத்தில் ஓடிய முதலாவதைப் பற்றிச் சொன்னேன். அதை உடைத்துவிட்டார்கள். அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில் வேறோர் எஞ்சின் அதே பெயரோடு வந்தது, அதையும் உடைத்தார்கள். இறுதியாக, பிரிட்டிஷ் ரயில்வே கட்டிய கடைசி நீராவி எஞ்சினுக்கு என்ன பெயர் வைத்தார்கள்? ஈவினிங் ஸ்டார்!

“அப்ப, முதல் ஓடினதுக்கு அது அவமரியாதை இல்லையே அண்ணை?” என்றார் சவிரி, மிகவும் அப்பாவியாக.

“என்ன அவமரியாதை? இரும்பைத்தான் உருக்கினவங்கள், பேரை உருக்கேல்லை. நல்ல பேரைச் சும்மா கிடக்க விடுறதுதான் அவமரியாதை. பேர் எண்டால் ஓட வேணும்!”

சவிரி கம்பளத்தைப் பார்த்தார். மனைவி என்னைப் பார்த்தாள். தமிழ் தெரியாத ஆர்னே எல்லோருடைய முகத்தையும் மாறிமாறிப் பார்த்தார். வாணி குழந்தையை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

“அப்பிடியெண்டா, அப்பா?”

அவ்வளவுதான் கேட்டாள்.

எத்தனையோ நிபுணர் குழுக்களின் முன்னால் நின்று வாதாடியிருக்கிறேன். என் கட்சியை நானே இவ்வளவு முழுமையாகத் தோற்கடித்தது இதுவே முதல்முறை. “தேத்தண்ணி ஆறுது, குடியுங்கோ” என்றேன். யாரும் கோப்பையைத் தொடவில்லை. குழந்தையை என்னிடம் தா என்று கை நீட்டினேன். வாணி அழத் தொடங்கினாள். அவளுக்குப் பதில் கிடைத்துவிட்டது.

சவிரியை வழியனுப்பியபோது, வேண்டுமென்றேதான் கேட்டீரா என்று விசாரித்தேன்.

“நான் பல்லுப் புடுங்கிறவன் அண்ணை. வேறை கதை குடுத்துக் குடுத்துத்தான் புடுங்கிறது” என்று சொல்லிவிட்டுத் தொப்பியை மாட்டிக்கொண்டார்.

ஞாயிறு, அம்மருட்டில் மகளின் வீடு. குழந்தையின் காதருகே குனிந்தேன். பால் மணம். முதன்முறை காற்று மட்டும் வந்தது. இரண்டாம் முறை பாதிச் சொல். மூன்றாம் முறை, அறையின் மறுகோடியில் நின்ற மனைவிக்கும் கேட்டது. முதலாவதைக் கணக்கில் எடுக்க முடியாது என்று தீர்மானித்து, இன்னொரு முறையும் சொன்னேன். குழந்தை கொட்டாவி விட்டது.

இறந்தவரின் பெயரைச் சொல்லாமல் காப்பது மரியாதை என்று எண்ணியிருந்தேன். உண்மையில் நான் காத்தது யாரை? பெயரையா... என்னையா?

நேற்றுக் காலை வாணி தொலைபேசியில் அழைத்தாள்.

“அப்பா, நிமலன் இரவு முழுக்க ஒரே அழுகை. வீட்டிலை ஒருத்தரும் கண் மூடேல்லை.”

“அழட்டும், பிள்ளை” என்றேன்.

அந்தப் பெயரில் அழுகிற பொறுப்பை இனி அவன் பார்த்துக்கொள்வான்.