தன் மேலுள்ள புகாரைத் தானே பரிந்துரைத்தவர்

ஆபீஸ் உதவியாளர் வேலையில் காலுக்குத்தான் சம்பளம், வாய்க்கு இல்லை. பெரம்பலூர்-அரியலூர் சாலையில் ஒரு கல்லூரியில் இருபத்தெட்டு வருசம் ஃபைல் சுமந்தேன். மனுவும் கையுமாக ஏதாவதொரு ஆபீஸ் வாசலில் காய்ந்திருப்பீர்களே, உங்களுக்குப் புரியும்.

பெட்டிக்குள் குடித்தனம்

மாணவிகளுக்கான புகார்ப் பெட்டியை பிரின்சிபால் அறை வாசலில், கேமராவுக்கு நேர் கீழே மாட்டினோம். யார் போட்டாலும் உள்ளே டி.வி.யில் தெரியும். சாவியும் தொலைந்தது. பெட்டிக்குள் பல்லி மூன்று தலைமுறை கண்டது. பேரன் பல்லி என்னைக் கண்டால் எழுந்து நிற்கும். பிரின்சிபால் பெட்டியை ஆட்டிப் பார்த்தார். சத்தமில்லை.

"பாத்தீங்களா, நம்ம காலேஜ்ல ஒரு புகார்கூட இல்ல!"

மதில்

தா.பழூர் மாணவி மலர்விழி பிரின்சிபாலிடம் நேரிலேயே வந்து சொன்னாள். துறைத்தலைவர் லேபில் தோளில் கை போடுகிறாராம்; விலகினால் மார்க்கைக் குறைக்கிறாராம். புகார்க் குழு கூடியது. மெதுவடை தீர்ந்ததும், மாணவிகள் பாதுகாப்புக்கென்று காம்பவுண்டுச் சுவரை உயர்த்தத் தீர்மானித்தார்கள். உயர்த்திய உயரத்தில் எங்களுக்கு மத்தியான வெயிலே மறைந்துபோனது.

மலர்விழி கேட்டாள்: "அவரு சுவரேறி வரலீங்களே சார், அட்டெண்டன்ஸ் எடுக்கத்தானே வர்றாரு."

முறைப்படி

"எழுத்துல குடும்மா. ஆனா எந்த மனுவா இருந்தாலும் உங்க துறைத்தலைவர் கையெழுத்தோடதான் எங்கிட்ட வரணும்" என்றார் பிரின்சிபால்.

வராந்தாவில் அந்தப் பெண் மனுவைக் கிழிக்கப் போனாள். "அவருகிட்டயே போயி நிக்கச் சொல்றாங்க. வேணாங்கய்யா, படிப்ப வுட்டுட்டு ஊருக்கே போயிடறேன்."

"இங்க குடு தாயி. ரெண்டு நாள் பொறுத்துப் போ" என்று மனுவை வாங்கிக்கொண்டேன்.

துறைத்தலைவர் செல்போனில் பேசிக்கொண்டே கையெழுத்துப் போடுகிறவர். நான் தாளின் ஓரத்தைத் தூக்கத் தூக்க, பேனா அதுபாட்டுக்கு ஓடும். ஒருமுறை தாள் தீர்ந்தது தெரியாமல் என் முன்னங்கையிலும் போட்டிருக்கிறார். லீவு லெட்டர்களுக்கு நடுவே மனுவைச் செருகினேன். கையெழுத்து விழுந்ததும் வழக்கம்போல 'பரிந்துரைக்கப்படுகிறது' சீலைக் குத்தி, பதிவேட்டில் நம்பரும் போட்டேன்.

பிரின்சிபால் கண்ணாடியை இரண்டு முறை துடைத்தார். முறைப்படி வந்துவிட்டதே, என்ன செய்வார்? வெளியிலிருந்து ஒரு வக்கீலம்மாவை அழைத்து விசாரணை வைத்தார். மலர்விழிக்குப் பின்னால் இன்னும் நாலு பெண்கள் வந்து பேசினார்கள்.

"படிக்காம கையெழுத்துப் போட்டுட்டேன் மேடம்!" என்று துறைத்தலைவர் அலறினார்.

மலர்விழி எழுந்தாள்: "நான் படிச்சுப் பாத்துட்டுத்தான் சார் போட்டேன்."

அவர் வேலையை விட்டுப் போனார், அவள் பரீட்சை எழுதினாள், கல்லூரியும் பாடம் கற்றுக்கொண்டு இப்போது எந்தத் தாளையும் படிக்காமல் கையெழுத்துப் போடுவதில்லை. பெட்டிச் சாவியைத்தான் இன்னும் தேடுகிறார்கள்.