நாற்பத்தாறு பற்கள்

மலாயாவுக்கு மெர்டேக்கா என்னும் சுதந்திரம் கிடைத்த வருடம் ஊருக்குக் கிளம்பிய வெள்ளைக்காரர்கள் நாய், பியானோ, பூந்தொட்டி என்று எதையெதையோ விட்டுப் போனார்கள். சித்தப்பா எழுத்துவேலை பார்க்கும் கிராணியாக இருந்த நில அளவை அலுவலகத்தின் துரை விட்டுப்போனது ஒரு மோட்டார் சைக்கிள். சித்தப்பா அதை வாங்கி எங்கள் காஜா பெராங் வீட்டுக்கு ஓட்டிவந்த அன்று, நிறுத்தத் தெரியாமல் கோழிக்கூண்டில் மோதி நிறுத்தினார். அடுத்த மாதமே மலாக்காவில் தன்னை முந்த ஆளில்லை என்று நம்பத் தொடங்கிவிட்டார்.

சித்தி மலாக்கா செட்டிச் சமூகத்துப் பெண். கோயிலில் எங்களோடு நின்று அதே சாமியைத்தான் கும்பிடுவார். ஆனால் பேசுவது மலாய். தமிழில் 'வா', 'சாப்பிடு', 'வேண்டாம்' என்ற மூன்று சொற்கள் தடையில்லாமல் வரும். சித்தப்பா வண்டியை மிதித்துக் கிளப்பும்போதெல்லாம் மூன்றாவதைச் சொல்வார். இஞ்சின் சத்தத்தில் அது சித்தப்பாவுக்குக் கேட்காது.

எட்டு வயதுச் சிறுமியான எனக்கு அந்த வண்டிமேல் கொள்ளை ஆசை. ஞாயிற்றுக்கிழமைகளில் சித்தப்பா என்னைப் பின்னால் உட்காரவைத்து செங் என்ற ஊர் வரைக்கும் போய்வருவார். பயத்தை மறக்க நான் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டு போவேன். இரண்டாம் வாய்ப்பாட்டில் ஆரம்பித்தால் பதினான்காம் வாய்ப்பாட்டில் செங் வந்துவிடும்.

ஒரு நாள் சித்தப்பா தனியாகப் போனபோது செங் வளைவில் மணலில் சறுக்கி விழுந்தார். கை முறிந்து மாவுக்கட்டோடு வீட்டுக்கு வந்தார். வண்டி நசுங்கிப் பட்டறைக்குப் போனது. சித்தி அழவும் இல்லை, திட்டவும் இல்லை. அப்போது அவருக்கு வயிறு லேசாகத் தெரிய ஆரம்பித்திருந்தது. சோறு நிறையச் சாப்பிடுகிறார் போல என்று நான் நினைத்துக்கொண்டேன்.

கட்டுப் பிரிக்க இன்னும் சில நாள் இருக்கையில், என் காலுக்குச் சப்பாத்து வாங்கவேண்டும் என்று சொல்லி சித்தி என்னைக் கடைத்தெருவுக்குக் கூட்டிப்போனார். சப்பாத்துக் கடையைத் தாண்டியும் நடந்தார். நின்றது பட்டறை வாசலில். பட்டறை முதலாளியான தவுக்கே கையெல்லாம் எண்ணெயோடு எழுந்து வந்தார். இருவரும் மலாயில் பேசினார்கள். எனக்குப் பாதிதான் புரிந்தது. 'கிகி' என்ற சொல் திரும்பத் திரும்ப வந்தது. கிகி என்றால் பல். சித்தி ஐந்து விரலைக் காட்டி, இன்னும் ஐந்து பல் வேண்டும் என்றார்.

"வண்டி குதிச்சுக் கிளம்பும். ஆனா வேகமா ஓடாது," என்றார் தவுக்கே.

"ஓடவேண்டாம்."

"அவருக்குத் தெரிஞ்சா என்னைத்தான் ஏசுவாரு."

"அவர் மீட்டர் முள்ளைத்தான் பார்ப்பார். வேறு எதையும் பார்க்கமாட்டார்."

தவுக்கே யோசித்தார். பிறகு, அந்த முள் கியர்ப்பெட்டியிலிருந்து ஓடுகிறது, பின்சக்கரத்தில் எதை மாற்றினாலும் அதற்குத் தெரியாது என்று சொல்லிச் சிரித்தார். சித்தி சிரிக்கவில்லை. வீட்டுக்கு வரும் வழியில் எனக்கு ஐஸ் உருண்டை வாங்கித் தந்து, பல்லைப் பற்றி யாரிடமும் பேசக்கூடாது என்றார். யாருக்கு ஐந்து பல் கட்டப்போகிறார்கள் என்று தெரியாமல், நான்கு நாள் வீட்டிலிருந்த எல்லோர் வாயையும் பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லோருக்கும் பல் சரியாகவே இருந்தது.

வண்டி திரும்பி வந்தது. சித்தப்பா கிளப்பியதும் அது முன்சக்கரம் தூக்கப் பார்த்தது. நான் அவர் சட்டையைப் பிடித்துத் தொங்கினேன்.

"பார்த்தியாம்மா! விழுந்து எழுந்த பிறகு வீரம் வந்துடுச்சு இதுக்கு!" என்று கத்தினார்.

முள் அறுபது மைலைக் காட்டியது. இஞ்சின் முன்னெப்போதையும்விட அலறியது. ஆனால் நான் பதினான்காம் வாய்ப்பாட்டை முடித்தபோது செங் வரவில்லை. பதினைந்தைச் சொல்லி முடித்தபோதுதான் வந்தது.

"சித்தப்பா, நாம மெதுவா வந்தோம்."

"முள் அறுபதுல நிக்குது. நீ வேகமா சொல்லப் பழகிட்ட, அதான்."

அது நியாயமாகத்தான் தோன்றியது. இருந்தாலும் திரும்பி வரும்போது வேண்டுமென்றே நிதானமாகச் சொன்னேன். அப்போதும் கணக்கு உதைத்தது.

அடுத்த ஞாயிறு காலை பள்ளிக்கூடத்து டிரில் மாஸ்டரோடு செங் வரைக்கும் பந்தயம். அவரிடமும் துரை ஒருவருடைய வண்டி இருந்தது. கிளம்பும்போது சித்தப்பா அம்பாகப் பாய்ந்து முன்னே போனார். நான் கைதட்டிக் குதித்தேன். திரும்பி வந்தபோது மாஸ்டர் முன்னால் சிரித்துக்கொண்டு வந்தார். சித்தப்பா பின்னால் தலையைத் தொங்கப்போட்டு வந்தார்.

"எழுபதுல போனேன் சார். எழுபதுல போறவனை நீங்க எப்படித் தாண்டினீங்க?"

"நானும் எழுபதுதான் போனேன்," என்றார் மாஸ்டர். இருவருமே குழம்பி நின்றார்கள்.

அன்று மத்தியானம் சித்தப்பா கொல்லையில் பின்சக்கரத்தைக் கழற்றிக் கால்களுக்கு நடுவில் வைத்துக்கொண்டார். நான் எதிரே குந்தியிருந்தேன். சங்கிலி ஓடும் பல்சக்கரத்தைக் கந்தலால் துடைத்தவர் சட்டென்று நிறுத்தி, அதைத் தூக்கிப் பார்த்தார்.

"வண்டி பட்டறையில கிடந்தப்ப வீட்டிலேருந்து யாராச்சும் அங்க போனாங்களா?"

ஐஸ் உருண்டைக்குக் கொடுத்த வாக்கு நினைவில் இருந்தது. ஆனால் அது பல்லைப் பற்றியதுதானே. போனது பற்றிச் சித்தி ஒன்றும் சொல்லவில்லை. "நானும் சித்தியும் போனோம்," என்றேன்.

சித்தப்பா நிமிர்ந்தார். அடுக்களை வாசலில் சித்தி நின்றிருந்தார். ஒரு கை நிலைக்கதவில், ஒரு கை வயிற்றில். முகம் வெளுத்திருந்தது. எவ்வளவு நேரமாக நின்றிருந்தாரோ தெரியாது.

சித்தப்பா ஒரு பல்லில் சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டு, அதிலிருந்து விரல் வைத்து எண்ணத் தொடங்கினார். நானும் சேர்ந்து எண்ணினேன். விரல் கோட்டுக்குத் திரும்பி வந்தபோது ஐம்பத்தொன்று.

"எம்பாட் பூலோ எனாம்," என்றார் சித்தப்பா, உரக்க. நாற்பத்தாறு. என்னிடம் எப்போதும் தமிழில் பேசுகிறவர் அதை ஏனோ மலாயில் சொன்னார்.

"இல்ல சித்தப்பா, ஐம்பத்தொன்னு."

"நாற்பத்தாறுதாம்மா. வண்டி வாங்கினப்ப எத்தனை இருந்துச்சோ அதேதான்."

நான் இன்னொரு முறை எண்ணினேன். ஐம்பத்தொன்று. மூன்றாவது முறையும் அதேதான். சித்தப்பா பிடிவாதமாக நாற்பத்தாறு என்றார். பிறகு அந்தச் சக்கரத்தையே திரும்பப் பூட்டி, சங்கிலியை மாட்டி, திருகாணியை இறுக்கினார். அதன்பின் மாஸ்டர் எத்தனை முறை கூப்பிட்டும் பந்தயத்துக்குப் போகவில்லை. இஞ்சினுக்கு வயதாகிவிட்டது என்றார்.

அன்று சித்தப்பா திருகாணியை இறுக்கி முடித்ததும் சித்தி மெல்ல வந்து பக்கத்தில் உட்கார்ந்து, அவர் கையைப் பிடித்துத் தன் சாரோங் நுனியால் எண்ணெயைத் துடைத்தார். துடைக்கத் துடைக்க சித்தியின் கண்களிலிருந்து நீர் கொட்டியது.

வகுப்பில் கணக்கில் முதலாவது நான். உள்ளே ஓடி, சித்தப்பாவுக்கு ஐம்பதுக்கு மேல் எண்ண வராது, அதற்காகச் சித்தி அழுகிறார் என்று அம்மாவிடம் சொன்னேன். பாவம், இது தெரியாமல் அவரைக் கல்யாணம் செய்துகொண்டாரே என்று எனக்கு வருத்தமாக இருந்தது.