வேன்காரம்மா கேப்டன் ஆன கதை

துறைமுகத்தில் அவளை எல்லோரும் வேன்காரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். கல்யாணமான புதிதில் தொடங்கி, மகள் தோளுக்கு வளரும் வரை பள்ளிக்கூட வேன் ஓட்டியவள். பின்னால் பிள்ளைகள் கூரையைப் பிய்த்துக்கொண்டிருக்கும். ஒருத்தன் வாந்தி எடுப்பான், இன்னொருத்தி தண்ணீர் பாட்டிலைத் தொலைத்துவிட்டு ஓவென்று அழுவாள். அத்தனையையும் காதில் வாங்கிக்கொண்டே சந்து பொந்தெல்லாம் வேனை நுழைத்து வெளியே எடுத்துவிடுவாள். எதிரே யார் வந்தாலும், சைக்கிளோ லாரியோ, ஓரம் கட்டி வழிவிட்டு, அவர்கள் போன பிறகுதான் நகர்வாள். வேனில் ஒரு கீறல் விழுந்ததில்லை.

பள்ளிக்கூடம் பெரிய பஸ்களுக்கு மாறியதும் வேலை போனது. வீட்டில் சும்மா உட்காரக் கைகால் ஒத்துக்கொள்ளவில்லை. கணவரோடு லாஞ்சில் ஏறிக்கொண்டாள்.

அவர் துறைமுகத்தில் லாஞ்ச் ஓட்டுபவர். வெளியே நங்கூரம் போட்டிருக்கும் பெரிய கப்பல்களுக்கு ஆட்களையும் காய்கறியையும் இயந்திரச் சாமான்களையும் கொண்டுபோய்ச் சேர்ப்பது தொழில். அவர் சுக்கானைப் பிடிப்பார், இவள் கயிறு வீசுவாள், கட்டுவாள், அவிழ்ப்பாள், டீ போடுவாள். வேனை விட்டுக் கயிற்றைப் பிடித்தவள் என்று ஆரம்பத்தில் கிண்டல் பண்ணியவர்கள், இவள் வீசும் கயிறு குறி தவறாமல் போய் விழுவதைப் பார்த்து வாயை மூடிக்கொண்டார்கள்.

அவருக்கு ஒரே ஒரு ஏக்கம் உண்டு. துறைமுக எல்லையைக் காட்டும் மிதவை வரை போய்விட்டுத் திரும்பித் திரும்பி அவருக்கு வயதாகிவிட்டது. அதைத் தாண்டிப் போனதில்லை. "அந்தப் பக்கம் என்னதான் இருக்குன்னு ஒரு தடவை பாத்துடணும்" என்று டீ குடிக்கும்போதெல்லாம் சொல்வார். "தண்ணிதான் இருக்கும்" என்பாள் இவள்.

அந்தச் சமயத்தில்தான் படகு கட்டும் யார்டின் முதலாளி அவர்களைத் தேடி வந்தார். அவர் கட்டும் சின்னப் படகுகளுக்கு வெளிநாட்டில் கிராக்கி வந்திருந்தது. கடல் வழியே ஓட்டிக்கொண்டுபோய் ஒப்படைக்க நம்பிக்கையான ஆள் வேண்டும்.

"அண்ணே, நீங்களும் அக்காவும் போயிட்டு வாங்க. திரும்பி வர ஃப்ளைட் டிக்கெட் நான் போட்டுத் தரேன். ஆனா ஒண்ணு, சர்வதேசக் கடல்ல சின்னக் கப்பல் ஓட்ட கேப்டன் சர்டிஃபிகேட் வேணும். உங்ககிட்ட இருக்கறது துறைமுகத்துக்குள்ள மட்டும்தான் செல்லும்."

"அதுக்கென்ன, எழுதிட்டாப் போச்சு" என்றார் கணவர். அன்று முழுக்க அவருக்குக் கால் தரையில் பாவவில்லை.

முதலில் உடல் பரிசோதனை. துறைமுகச் சர்டிஃபிகேட் வாங்கியபோது யாரும் அதைக் கேட்டதில்லை. படகில் வேலை பார்க்கிறவள் என்பதால் இவளுக்கும் சேர்த்தே. டாக்டர் வண்ணப் புள்ளிகள் நிறைந்த ஒரு புத்தகத்தை விரித்தார்.

"இந்தப் பக்கத்துல என்ன நம்பர் தெரியுது?"

"நம்பரா?" என்றார் கணவர். "புள்ளிதானே இருக்கு."

டாக்டர் பக்கத்தைத் திருப்பினார். "இதுல?"

"இதுலயும் புள்ளிதான் டாக்டர். கண்ணாடி வேணுமா எனக்கு?"

பின்னால் உட்கார்ந்திருந்தவளுக்கு எண் பளிச்சென்று தெரிந்தது. விளையாடுகிறார் என்று நினைத்துச் சிரித்தாள். டாக்டர் சிரிக்கவில்லை. இன்னும் நாலைந்து பக்கங்கள் புரட்டிவிட்டு, புத்தகத்தை மெதுவாக மூடினார். சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாத கண் அது, பிறவியிலேயே அப்படி, கண்ணாடி போட்டுச் சரியாகாது என்றார். கப்பலின் இடப்பக்கம் சிவப்பு விளக்கு, வலப்பக்கம் பச்சை விளக்கு எரியும்; கடலில் எதிரே வரும் கப்பலின் எந்தப் பக்கம் நமக்குத் தெரிகிறது என்பதை அந்த இரண்டு நிறங்கள்தான் சொல்லும். ஆகவே சர்டிஃபிகேட் கிடைக்காது.

பஸ்ஸில் திரும்பி வரும்போது அவளுக்குப் பொறி தட்டியது. இருட்ட ஆரம்பிக்கும் நேரத்தில் லாஞ்ச் கரைக்குத் திரும்பும்போதெல்லாம் அவர் கேட்பார், "அது என்ன லைட்டு, சொல்லு பாப்போம்?" சிவப்பு என்பாள், பச்சை என்பாள். பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி பெருமையாகச் சொல்வாள்.

"ஏங்க, நீங்க எனக்குப் பரீட்சை வைக்கறீங்கன்னு நெனச்சேனே."

அவர் ஜன்னல் பக்கம் பார்த்தபடி சொன்னார். "மங்கலா இருக்கும். எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும்னு நெனச்சேன். உனக்குக் கண்ணு கொஞ்சம் கூர்மைன்னு கேட்டுக்குவேன்."

அதற்கு மேல் அவர் பேசவில்லை. அன்றைக்கு மட்டுமில்லை, அடுத்த பல நாட்களும். கேட்டதற்குப் பதில் வரும், அவ்வளவுதான். சாப்பாட்டில் உப்பு இல்லை என்றுகூடச் சொல்லவில்லை.

மகள் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். வாய் நீளம், மனசு தங்கம். ஒரு நாள் சாப்பிட உட்கார்ந்தபோது பட்டென்று போட்டுடைத்தாள். "அப்பாவுக்குக் கலர் தெரியலைன்னா என்ன? உனக்குத் தெரியுதுல்ல? நீ எழுதும்மா."

"நானா? கயிறு கட்டறவளைப் போய்..."

"கயிறு கட்டறவதான் இவ்வளவு நாளா அப்பாவுக்குக் கண்ணா இருந்திருக்கா."

வேன்காரம்மா கணவரின் முகத்தைப் பார்த்தாள். அவர் தட்டைப் பார்த்தார். கை கழுவ எழுந்தவர், "எழுதட்டும்" என்று ஒரு சொல் சொல்லிவிட்டுப் போனார். அது சம்மதமா, கோபமா என்று அம்மாவுக்கும் மகளுக்கும் கடைசிவரை விளங்கவில்லை.

துறைமுகச் சாலையில் மோட்டார் ரிப்பேர் கடைக்கு மேலே இருந்த மாடி அறையில் வகுப்பு நடந்தது. கீழே சுத்தியல் சத்தம், மேலே கடல் வரைபடம். காந்த முள் காட்டும் வடக்கு வேறு, உண்மையான வடக்கு வேறு, படகில் இருக்கும் இரும்பு அந்த முள்ளை இழுப்பது வேறு. இதை எல்லாம் கூட்டிக் கழித்துத்தான் போகும் திசையைக் கண்டுபிடிக்க வேண்டும் என்றார்கள். முதல் வாரம் தலை கிறுகிறுத்தது. வேனில் போகும்போது வடக்கு எங்கே இருக்கிறதென்று யார் கவலைப்பட்டார்கள்! ஆனால் விடவில்லை. சமையல் மேடையில் வரைபடத்தை விரித்து, ஒரு பக்கம் பால் பொங்க, மறுபக்கம் அளவுகோலை நகர்த்துவாள். பால் பலமுறை வழிந்தது. கணக்கு ஒருமுறைகூடத் தப்பவில்லை என்று சொன்னால் அது பொய். அதுவும் வழிந்தது. துடைத்துவிட்டுத் திரும்பப் போட்டாள்.

கணக்கைவிடப் பெரிய பூதம் நீச்சல் குளம். உயிர்காக்கும் மிதவைப் படகு தண்ணீரில் கவிழ்ந்து கிடக்கும். குதித்து, அதை நிமிர்த்தி, உள்ளே ஏற வேண்டும். வேன்காரம்மாவுக்கு நீச்சல் தெரியாது. நாற்பதைத் தாண்டிய வயதில், சின்னப் பிள்ளைகள் தெளித்து விளையாடும் ஓரத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு கால் உதைத்துக் கற்றுக்கொண்டாள். பரீட்சையன்று மேடையில் நின்று கண்ணை மூடிக் குதித்தாள். மிதவை அவள் மேலேயே புரண்டு விழுந்தது. அடியிலிருந்து மூச்சுத் திணறி வெளியே வந்து, துப்பிவிட்டு, மறுபடி பிடித்து இழுத்து நிமிர்த்தி, முழங்கால் தேய ஏறி உட்கார்ந்தாள். சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். வெளி வாசலில், கம்பிக் கதவுக்குப் பின்னால் கணவர் நின்று பார்த்துக்கொண்டிருந்தது அவளுக்குத் தெரியாது. மகள்தான் பிறகு சொன்னாள்.

எழுத்துத் தேர்வில் பாஸ். வாய்மொழித் தேர்வில் மாட்டிக்கொண்டாள்.

தேர்வாளர் பெரிய கப்பல்களில் கேப்டனாக இருந்தவர். சிரிப்பென்றால் என்ன விலை என்று கேட்கும் முகம். மேஜைமேல் இரண்டு மரப் படகுகளை வைத்தார். "இது நீங்க. உங்க இடது பக்கத்துலேருந்து இன்னொருத்தர் குறுக்கே வர்றார். என்ன செய்வீங்க?"

"வேகத்தைக் குறைச்சு அவருக்கு வழி விடுவேன் சார்."

"ஏன்?"

"அவர் போகட்டுமே. எனக்கென்ன அவசரம்?"

தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றினார். "அம்மா, அங்க விலக வேண்டியது அவரோட கடமை. நேரா, அதே வேகத்துல போக வேண்டியது உங்க கடமை. நீங்க நிப்பீங்கன்னு அவருக்குத் தெரியாது. அவர் உங்களுக்குப் பின்னால போகத் திரும்புவார், நீங்க நின்னுடுவீங்க, ரெண்டு பேரும் மோதிக்குவீங்க. மரியாதை பாத்து ஆளைக் கொல்லக்கூடாது. போயிட்டு அடுத்த மாசம் வாங்க."

வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தாள். நடந்ததைச் சொன்னாள். கணவர் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு எழுந்துபோய் உப்பு டப்பாவையும் மிளகு டப்பாவையும் எடுத்துவந்து மேஜைமேல் வைத்தார்.

"இந்தா, உப்பு நீ. மிளகு நான். சொல்லு, யார் விலகணும்?"

அவ்வளவு நாள் கழித்து அவர் முழுசாகப் பேசிய பேச்சு அது. அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

டப்பாவோடு நிற்கவில்லை. "உனக்கு மூளையில ஏறியாச்சு. உடம்புல ஏறலை" என்றார் அவர். அவர்கள் வீட்டில் சமையலறைக்கும் படுக்கையறைக்கும் நடுவே ஒரு குறுகிய நடை. இவள் சமையலறையிலிருந்து வருவாள், அவர் இடப்பக்கத்து அறையிலிருந்து குறுக்கே வருவார். இவள் நிற்கக்கூடாது. கல்யாணமான நாளிலிருந்து அந்த நடையில் அவர் வந்தால் ஒதுங்கி நின்றே பழகியவள். கால் தானாக நின்றது.

"நிக்காதே! வா, நேரா வா!"

"நீங்க இடிச்சா?"

"நான் விலகறேன். அது என் வேலை. நீ உன் வழியில போ."

முதல் நாள் நெற்றியில் இடித்துக்கொண்டார்கள். இரண்டாம் நாள் அவர் கையிலிருந்த டீ அவர் சட்டையிலேயே கொட்டியது. "ரெண்டு பேரையும் ஒரே வார்டுல சேர்க்கணும் போல" என்று மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஒரு வாரத்துக்குள் வேன்காரம்மா நிற்காமல் நடந்தாள். கணவர் அவளுக்குப் பின்னால் சுற்றிக்கொண்டு போனார். அதற்குப் பிறகும் அந்த வீட்டில் அதுவே வழக்கமாகிவிட்டது.

அடுத்த மாதம் தேர்வாளர் அதே கேள்வியில் ஆரம்பித்து, பனிமூட்டம், எஞ்சின் கோளாறு, தண்ணீரில் விழுந்த ஆள் என்று சல்லடை போட்டுச் சலித்தார். கடைசியில் கை நீட்டி, "வாழ்த்துகள் கேப்டன்" என்றார். யாரைச் சொல்கிறார் என்று அவள் ஒரு கணம் பின்னால் திரும்பிப் பார்த்தாள்.

யார்டு முதலாளி முதல் படகைக் கொடுத்தார். வெள்ளை நிறத்தில், நாலு பேர் படுக்க இடமுள்ள படகு. வேன்காரம்மா கேப்டன், கணவர் அவளுக்கு உதவியாள். எல்லை மிதவையைத் தாண்டும்போது அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். திறந்த கடலின் நீண்ட அலையில் அவளுக்குக் குடல் வாய்க்கு வந்தது. பக்கெட்டில் வாந்தி எடுப்பதும், வாயைத் துடைத்துக்கொண்டு திசையைச் சரிபார்ப்பதுமாக முதல் நாள் போயிற்று. அவர் சுக்கானுக்குக் கை நீட்டியபோது, "உங்க முறை இன்னும் வரலைங்க. போய்ப் படுங்க" என்றாள்.

மூன்றாம் நாள், பொழுது சாய்ந்து விளக்கு போடும் நேரம். இடது பக்கம் ஒரு சரக்குக் கப்பல் தெரிந்தது. ரொம்பப் பெரியதில்லை, ஆனால் இவர்கள் படகை நசுக்கத் தாராளமாகப் போதும். வேன்காரம்மா காம்பஸில் அது இருக்கும் கோணத்தைப் பார்த்தாள். சிறிது பொறுத்து மறுபடி பார்த்தாள். கோணம் மாறவில்லை, கப்பல் மட்டும் பெரிதாகிக்கொண்டே வந்தது. அப்படியென்றால் மோதலுக்கு நேர் வழி.

"என்ன லைட்டு?" என்றார் கணவர்.

"பச்சை. அவங்கதான் விலகணும்."

வயர்லெஸில் கூப்பிட்டாள். பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டாள். கரகரப்பு மட்டும். கணவர் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டார். "இந்தா, நின்னுடலாமே. நமக்கெதுக்கு வம்பு?"

அவள் உடம்பிலும் ஒவ்வொரு நரம்பும் பிரேக்கைத் தேடியது. ஹாரனை ஐந்து முறை சுருக்கமாக அடித்தாள். உன் எண்ணம் எனக்குப் புரியவில்லை என்று கடல் மொழியில் அதற்கு அர்த்தம். "இன்னும் கொஞ்சம் பாப்போம். அவங்க திரும்பலைன்னா நான் வலது பக்கம் முழுசா ஒடிச்சுடுவேன். கெட்டியாப் பிடிச்சுக்குங்க." எந்த இடத்துக்கு மேல் காத்திருக்கக் கூடாது என்று மனசுக்குள் கோடு கிழித்து வைத்திருந்தாள். மறுபடி ஐந்து முறை ஹாரன்.

பச்சைக்குப் பக்கத்தில் சிவப்பும் முளைத்தது. கப்பலின் மூக்கு நேராக இவர்களைப் பார்த்தது. கணவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"திரும்பறாங்க!" என்றாள் அவள். "பச்சை போகுது... போயிடுச்சு. இப்போ சிவப்பு மட்டும்தான். நமக்குப் பின்னால போறாங்க."

கப்பல் இவர்களுக்குப் பின்னால் கடந்தபோது அதன் அலை படகைத் தூக்கிப் போட்டது. தாமதமாக வயர்லெஸில் தூக்கக் கலக்கமான ஒரு குரல் மன்னிப்புக் கேட்டது. "பரவாயில்லை, கவனமாப் போங்க" என்று பதில் சொல்லிவிட்டு, வேன்காரம்மா அதன் பிறகுதான் சுக்கானைக் கணவரிடம் கொடுத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். அவர் முன்னால் பார்த்தபடியே, "நானா இருந்தா நின்னிருப்பேன்" என்றார். கொஞ்சம் விட்டு, "தப்புத்தான் பண்ணியிருப்பேன்" என்றார்.

மறுநாள் காலை, படகு வாங்கியவர்களின் ஊர்த் துறைமுகத்தில் படகை ஒரு கீறலில்லாமல் ஒப்படைத்தார்கள்.

திரும்பும்போது விமானம். இரண்டு பேருக்கும் அதுதான் முதல் தடவை. ஜன்னல் ஓரம் அவருக்கு என்று அவளே விட்டுக்கொடுத்திருந்தாள். விமானம் ஓடுபாதையை விட்டு எழும்பியதும் அவர் இருக்கையின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, முகம் வெளுத்து, கீழே பார்க்க மாட்டேன் என்று ஒரே பிடிவாதம்.

"அப்ப எந்திரிங்க, நான் அந்தப் பக்கம் வரேன்."

இடம் மாறி உட்கார்ந்து கண்ணாடியில் நெற்றியை ஒட்டிக்கொண்டாள். கீழே நீலமாகப் பரந்து கிடந்த தண்ணீரில் ஒரு கப்பல் வெள்ளைக் கோடு கிழித்துக்கொண்டு போனது.

"என்ன தெரியுது?" என்று கண்ணைத் திறக்காமலே கேட்டார்.

அவள் ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தாள்.