பவளம் டீச்சரின் முறுக்காணிகள்

உத்திரமேரூரில் பியானோ இருந்த வீடு எனக்குத் தெரிந்து ஒன்றுதான். பஜாருக்குப் பின்தெருவில் பவளம் டீச்சர் வீடு. மிஷன் பங்களாவில் சமையல் செய்த அவருடைய அப்பாவுக்கு, ஊர் திரும்பிய வெள்ளைக்கார அம்மாள் விட்டுப்போனது. சுருதி கூட்டும் சாவியையும் கொடுத்திருந்தாள். சனிக்கிழமைகளில் டீச்சர் மறுநாள் ஞாயிறு ஆராதனைக்குக் கோயிலில் பாடவேண்டிய கீர்த்தனைகளை அதில் வாசித்துப் பார்ப்பார். அந்த ஒரு மணி நேரம் அடுப்பில் என்ன தீய்ந்தாலும் எழுந்திருக்கமாட்டார்.

எழுபத்தெட்டாம் வருஷம் மகள் எப்சிபா தலைப்பிரசவத்துக்கு வருவதாக இருந்தது. கூடத்தில் கட்டில் போட வேண்டும். பியானோவும் நெல் மூட்டைகளும் போக அங்கே இடமில்லை. அந்தச் சித்திரையில்தான் பியானோவின் சுருதி நிற்காமல் போனது. கம்பிகளைப் பிடித்திருக்கும் முறுக்காணிகள் மரத்தில் தளர்ந்துவிட்டன. காலையில் முறுக்கினால் சாயங்காலம் இறங்கிவிடும்.

டீச்சரின் கணவர் மாசிலாமணி நேராகச் சொல்லிவிட்டார். "பாடற பொட்டின்னா இருந்துட்டுப் போவட்டும். ஊமைப் பொட்டிக்கு இன்னாத்துக்கு எடம்? எப்சி வர்றதுக்குள்ள சரி பண்ணு. இல்லன்னா மரக்கடைக்குப் போட்டுடலாம்."

"ஒங்க நெல்லு மூட்ட கூடத்தான் ஊமையா குந்திக்கினு கீது" என்றார் டீச்சர்.

"அதுங்க சோறு போடுதே."

டீச்சர் வண்டிச்சக்கரம் செய்யும் தாமோதரன் ஆசாரியைக் கூப்பிட்டார். அவர் ஓர் ஆணியை விரலால் ஆட்டிப் பார்த்தார்.

"மரம் காஞ்சி சுருங்கிடுச்சி டீச்சர். கோடையில சக்கரம் ஆடுச்சின்னா இன்னா பண்றோம்? ஏரியில ஊறப்போடறோம். கப்புனு புடிச்சிக்குது."

"இத்தத் தூக்கினு போயி ஏரியில போடச் சொல்றியா?"

"ஏரிய இங்க கொண்டாந்துடலாம்."

பியானோவின் முதுகில், ஆணிகள் இறங்கியிருந்த கட்டையின் மேல், நனைத்த கோணிகளைக் கட்டினார்கள். டீச்சர் வேளாவேளைக்குத் தண்ணீர் தெளித்தார். நாலாம் நாள் ஆணிகள் இரும்பாகப் பிடித்துக்கொண்டன. டீச்சர் எல்லாக் கம்பிகளையும் சுருதி கூட்டி, சனிக்கிழமை வாசித்தார். மாசிலாமணி மரக்கடைப் பேச்சை விட்டார்.

கோணியை எடுத்ததும் அக்னி நட்சத்திரம் பிறந்தது. சக்கரத்துக்கு வெளியே இரும்புப் பட்டா உண்டு, ஈரம் போனாலும் இறுக்கிப் பிடிக்கும். இந்தக் கட்டைக்கு அப்படி ஒன்றும் இல்லை. ஊறியது காய்ந்து, முன்னைவிடச் சுருங்கியது. மத்தியானத்தில் யாரும் தொடாமலே கம்பிகள் ஒவ்வொன்றாக 'டொய்ங்' என்று இறங்கின. மாசிலாமணி சாப்பாட்டுத் தட்டிலிருந்து தலை தூக்காமல், "ஏரி வத்திப்போச்சி" என்றார். மறுநாளே மரக்கடை பாண்டுரங்கன் வந்து பெட்டியை அளந்துவிட்டு, வெள்ளிக்கிழமை வண்டி அனுப்புவதாகச் சொல்லிப் போனார்.

டீச்சர் அழவில்லை. உளுந்து உடைக்க உட்கார்ந்தார். எந்திரக்கல்லின் பிடி கழன்று கையோடு வந்தது. வழக்கம்போலத் துணிக்கிழிசலைச் சுற்றி ஓட்டையில் அடித்து இறக்கினார். இறக்கியவர் உளுந்தை அப்படியே விட்டுவிட்டு ஆசாரி வீட்டுக்கு நடந்தார்.

"ஆணிக்குத் துணி சுத்தினா வழுக்கும் டீச்சர்" என்றார் ஆசாரி. தண்ணீர் யோசனை தன்னுடையது என்பதால் அவருக்கு முகம் சரியாக இல்லை. "உப்புத்தாள் சுத்தலாம். சொரசொரப்பு மரத்துப் பக்கமா இருந்தா கடிச்சிக்கும்."

டீச்சர் சாவியால் கம்பியைத் தளர்த்தி ஆணியைத் திருகி எடுப்பார். ஆசாரி உப்புத்தாளை விரலகலத்துக்கு வெட்டி ஓட்டைக்குள் சுருட்டி வைத்து, ஆணியை அடித்து இறக்குவார். டீச்சர் மறுபடி சுருதி கூட்டுவார். பாட்டுக்கு வேண்டிய நடுக்கம்பிகளிலிருந்து ஆரம்பித்தார்கள். பள்ளிக்கூடம் லீவு. வீட்டில் நாலு நாளும் பழையதும் ஊறுகாயும்தான். இடது கோடிக்கு வந்தபோது தாள் பிடிக்கவில்லை. அங்கே ஆணி இறங்கும் மரமே வெடித்திருந்தது.

வெள்ளிக்கிழமை வண்டி வாசலில் நின்றது. மாசிலாமணிக்கு பியானோவில் தெரிந்தது ஒரே சுரக்கட்டை, இடது கோடியில் கடைசி. அதைத்தான் அழுத்தினார். தகரத்தைத் தட்டியதுபோல் கேட்டது.

"இன்னா டீச்சரம்மா, இத்தப் பாட்டுங்கறியா?"

"அந்தக் கோடி போனது போனதுதான். கீர்த்தன அங்க வராது" என்று சொல்லி, டீச்சர் உட்கார்ந்து வாசித்தார். மூன்று சரணம். ஒரு கம்பியும் இறங்கவில்லை.

மாசிலாமணி வண்டிக்காரனையும் கூட்டிக்கொண்டு உள்ளே போனார். இரண்டு பேருமாக நெல் மூட்டைகளைத் தாழ்வாரத்துக்கு நகர்த்தினார்கள். பிறகு பாண்டுரங்கனின் வண்டி காலியாகத் திரும்பியது.

எப்சிபாவின் கட்டில் பியானோவின் இடது கோடியை மறைத்துக்கொண்டு கிடந்தது. ஆணிகள் தை மாதம் வரை நின்றன. பிறகு சில இறங்கின. டீச்சர் உப்புத்தாளை அரிசிப் பானைக்குப் பக்கத்தில்தான் வைத்திருந்தார்.