கரிப்புள்ளி வைத்த முட்டைகள்

ஆம்லெட் போடக்கூட முட்டையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்காமல் என்னால் உடைக்க முடியாது. "இது கடை முட்டைம்மா, உள்ள ஒண்ணும் துள்ளாது" என்று மகள் கேலி செய்வாள். அவளுக்கென்ன தெரியும்! மதுரைக்கு வெளியே ஒரு கோழிநோய் ஆய்வுக்கூடத்தின் இருட்டறையில் வருஷக்கணக்காக முட்டை பார்த்துவருகிற கண் இது.

வெள்ளைக்கழிச்சல் என்று ஊரில் சொல்கிறார்களே, அந்தக் கோழிநோயின் கிருமி எப்போதும் ஒரே மாதிரி வராது. சில சமயம் கோழிகளைத் தும்மவிட்டுப் போய்விடும். சில சமயம் கூண்டோடு வாரிக்கொண்டு போகும். வந்திருப்பது எது என்று அறிய, ஒன்பது நாள் அடைகாத்த முட்டைகளுக்குள் அதை ஊசியால் ஏற்றி, காலையும் மாலையும் விளக்கில் பிடித்துப் பார்ப்போம். சிவப்பு நரம்பு தெரிந்து கரு துள்ளினால் உயிர் இருக்கிறது. அறுபது மணி நேரத்துக்குள் செத்துப்போனால் கிருமி பொல்லாதது. இதற்குத் தடுப்பூசி போடாத கோழியின் முட்டைதான் ஆகும். போட்ட கோழி தன் எதிர்ப்புச்சக்தியை முட்டைக்கும் கொடுத்துவிடும், பொல்லாத கிருமியும் சாதுவாகத் தெரியும்.

அப்படிப்பட்ட முட்டைகளைத் தந்தவர் திருமங்கலத்தைத் தாண்டி ஒரு ஊரில் இருந்த அக்கா ஒருவர். கூலி வேலைக்குப் போய்க்கொண்டே கோழி வளர்த்தவர். ஊசி போட வேண்டாம் என்று நான்தான் கேட்டுக்கொண்டேன். "நீ சொன்னாச் சரித்தா" என்று விட்டுவிட்டார். வாராவாரம் உமி நிரப்பிய கூடையோடு மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் வந்து இறங்குவார். பூ மார்க்கெட் பக்கம் நான் காத்து நிற்பேன். எந்தக் கோழி இட்டது என்று தெரிய, முட்டை மேல் கரியால் புள்ளி வைத்திருப்பார். கொண்டைக்காரிக்கு ஒன்று, சாம்பல் கோழிக்கு இரண்டு, நொண்டிக்கு மூன்று. இதெல்லாம் எதற்கு என்று நான் சிடுசிடுத்தால், "ஆத்தாடி, பாய் வீட்டுப் பொண்ணுக்கு எம்புட்டுக் கோவம்! உங்க வீட்டுப் புள்ளைகளை அடையாளம் தெரியாமயா வளர்ப்பீக?" என்பார். இப்போது முட்டைகள் வெளியூரிலிருந்து பெட்டியில் வருகின்றன. சுத்தமான வெள்ளை முட்டைகள்தான். எனக்கோ அந்தக் கரிக்கறை படிந்த விரல்களைப் பார்க்க ஏக்கமாக இருக்கிறது.

ஒரு ஐப்பசியில், அக்காவின் ஊருக்குப் பக்கத்துப் பண்ணையிலிருந்து செத்த கோழிகள் எங்களிடம் வந்தன.

"சார், அந்த அக்காவை ஊசி போடச் சொல்லிரட்டுமா?" என்று மேலதிகாரியிடம் கேட்டேன்.

"போட்டுட்டா அடுத்த டெஸ்டுக்கு முட்டைக்கு எங்கம்மா போறது? ரெண்டு மூணு நாள்தானே, ரிசல்ட் வரட்டும்."

எதற்கெடுத்தாலும் சண்டைக்கு நிற்கிற நான் அன்றைக்கு மட்டும் வாயை மூடிக்கொண்டேன். வேறு முட்டை தேடி அலைய எனக்கும் சோம்பல். அதுதான் உண்மை.

செத்த கோழிகளிலிருந்து எடுத்த கிருமியை அக்கா தந்த முட்டைகளில் ஏற்றினேன். முதல் நாளே ஒற்றைப் புள்ளி முட்டை ஒன்று செத்துவிட்டது. முதல் நாள் சாவை ஊசி குத்திய காயம் என்று கணக்கில் சேர்க்காமல் விடுவது எங்கள் வழக்கம். விட்டேன். இரண்டாம் நாள் மாலை விளக்கில் பிடித்தால், எந்தப் புள்ளி வைத்த முட்டையிலும் நரம்பில்லை, துள்ளல் இல்லை. அக்காவுக்கு ஃபோன் போட்டேன்.

"அக்கா, உடனே கோழிக்கு ஊசி போடுங்க."

"காலைலருந்தே ரெண்டு கோழி குறுகிப்போயி நிக்குதுத்தா" என்றார். "நீ வேண்டாம்னு சொன்னேல்ல, அதான் இம்புட்டு நாளும் போடல."

திட்டியிருந்தால் திருப்பி ஏதாவது சொல்லியிருப்பேன். அந்த வாரத்துக்குள் அவருடைய கோழிகளில் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

ஆய்வுக்கூடத்தின் வேறொரு அறையில், கிருமி ஊசியே படாத அவர் முட்டைகள் ஏழு மிச்சம் இருந்தன. அழித்துவிட வேண்டியவை. "இதைப் பொரிக்க விடணும் சார்" என்றேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு அவர் மறுப்புச் சொல்லவில்லை. ஐந்து பொரித்தன. எங்கள் சந்து வீட்டில், அட்டைப்பெட்டிக்குள் குண்டு பல்பு எரியவிட்டு வளர்த்தேன். "இது வீடா, கோழிக்கடையா?" என்று என்னைப் பெற்ற அத்தா கத்தினார். குருணை வாங்கி வந்து போட்டதும் அவர்தான்.

அக்கா கூட்டுக்குச் சுண்ணாம்பு அடித்து, பல நாள் வெயிலில் காயப்போட்ட பிறகு மாட்டுத்தாவணிக்கு வந்தார். குஞ்சுப் பெட்டியை நீட்டினேன். ஒவ்வொரு குஞ்சாகத் தலையைத் தடவியவர் ஒன்றை எடுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டார். "ஆத்தி, கொண்டைக்காரி மக!"

"எல்லாத்துக்கும் கண்ணுல தடுப்பு மருந்து விட்டுட்டேன்க்கா."

"அப்ப இதுக முட்டை ஒனக்கு ஆகாதே?"

"ஆகாதுக்கா."

"அப்ப நான் இங்கிட்டு வரவேண்டிய சோலி இல்ல."

"சும்மா வாங்கக்கா" என்றேன்.

"வாரேன்த்தா" என்று சொல்லிவிட்டுப் பெட்டியோடு பஸ் ஏறினார்.

அடுத்த வாரம் அதே கிழமை, அதே நேரத்துக்குப் பூ மார்க்கெட் பக்கம் போய் நின்றேன். திருமங்கலம் பஸ் மூன்று வந்து போயின. அதற்கடுத்த வாரமும் போய் நின்றேன்.