கழுவின பக்கங்கள்

என் அக்கா வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவர். பகலெல்லாம் ஊரார் எலும்பைப் பார்த்தது போதாதென்று, வீட்டுக்கு வந்தால் அச்சு வந்த புதிதில் வெளியான வைத்திய நூல், உடற்கூறு நூல் எனத் தேடிச் சேர்த்தவற்றை விரித்துக்கொண்டு உட்காருவார். "எனக்கு இடுப்பு வலின்னா நிமிர்ந்து பார்க்க மாட்டார். இருநூறு வருஷத்துக்கு முந்தின இடுப்புன்னா பூதக்கண்ணாடி வச்சுப் பார்ப்பார்" என்பாள் அக்கா.

அத்தானுக்கு ஒரு கிறுக்கு உண்டு. பழைய புத்தகத்தில் யாராவது பேனாவால் எழுதியிருந்தால் பொறுக்காது. தையலைப் பிரித்து, முன்பு ஃபிலிம் கழுவிய தட்டில் வெளுக்கும் மருந்தை ஊற்றிப் பக்கங்களை முக்குவார். பேனா மை போய்விடும், அச்சு மை அசையாது. பிறகு கிளிப்பில் மாட்டிக் காயவைத்து, திரும்பத் தைப்பார். தண்ணீர் மாற்றிக் கொடுப்பது நான். ஆகா ஓகோ என்று மெச்சியதும் நான்தான், அதையும் சொல்லிவிட வேண்டும்.

ஒருமுறை பழைய பேப்பர் கடையில் பிரசவ நூல் ஒன்று கிடைத்தது. ஓரமெல்லாம் பொடி எழுத்து. "எப்படிக் கிறுக்கி வச்சிருக்கு பாரு மச்சான்" என்று திட்டிக்கொண்டே இரண்டு ஞாயிற்றுக்கிழமையில் கழுவி முடித்தார்.

அடுத்த வாரம் அத்தானின் ஆஸ்பத்திரி நர்ஸம்மா ஒருவர், பேப்பர் கடைக்காரர் சொன்னதாக வீட்டுக்கு வந்தார். ஐம்பது வயதிருக்கும்.

"அது எங்கம்மா புத்தகம் சார். வீடு வீடாப் போய்ப் பிரசவம் பார்த்தவங்க. நான் பொறந்தப்ப என்னைப் பத்தி அதுல ஏதோ எழுதினாங்களாம். கேட்டா, 'வளர்ந்து நீயே படிச்சுக்கோ'ன்னு சிரிப்பாங்க. நான் ஹாஸ்டல்ல இருக்கும்போது போய்ச் சேர்ந்துட்டாங்க. புத்தகம் தொலைஞ்சுதுன்னார் சித்தப்பா. இப்பப் பரணைச் சுத்தம் பண்றேன்னு எடைக்குப் போட்டிருக்கார். எனக்குப் புத்தகம் வேண்டாம். அந்த வரியை மட்டும் பார்த்துட்டுப் போயிடறேன்."

அத்தான் எடுத்துக் கொடுத்தார். நர்ஸம்மா ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். எல்லாம் பளிச்சென்று இருந்தது.

"எழுத்தையே காணோமே?"

"இது வேற பிரதிம்மா" என்று சொல்லிவிட்டு அத்தான் என்னைப் பார்த்தார். நானும் பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டினேன்.

நர்ஸம்மா முகம் தெளிந்தது. "அப்ப அது எங்கயோ பத்திரமா இருக்குன்னு சொல்லுங்க!"

அதன்பின் எக்ஸ்ரே அறைப் பக்கம் வரும்போதெல்லாம் எட்டிப் பார்த்து, "கண்ணுல பட்டுதா சார்?" என்பார். அத்தான் அவர் வரும் நேரம் பார்த்து டீ குடிக்கப் போனார், படிக்கட்டை மாற்றினார். வீட்டில் அத்தானுக்குச் சோறு இறங்கவில்லை. வெட்கம் என்னையும் பிடுங்கித் தின்றது.

நாலாம் மாதம் என்னையும் இழுத்துக்கொண்டு வார்டுக்கே போனார்.

"அது உங்கம்மா புத்தகம்தான்மா. அழுக்குன்னு நெனச்சு எழுத்தையெல்லாம் நான்தான் கழுவிட்டேன்." தலை நிமிரவில்லை.

"நானும்தான்" என்றேன்.

நர்ஸம்மா திட்டியிருந்தால் தேவலை. கையிலிருந்த மருந்துத் தட்டைக் கீழே வைத்தார், ஸ்டூலில் உட்கார்ந்தார். பிறகு ஆசையோடுதான் கேட்டார்.

"கழுவறதுக்கு முன்னாடி படிச்சிருப்பீங்கல்ல சார்? என்ன எழுதியிருந்தாங்க?"

நாங்கள் ஒரு வரிகூடப் படிக்கவில்லை.